பாலைவனத்தில் ஒரு பேஸ்மென்ற்

ஸ்காபரோ
26.01.1999

அன்புள்ள மகள் துர்க்காவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீ, மருமகன், மிதுனா மூன்று பேரும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். விளக்கேற்றும்போது உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லித்தான் கும்பிடுகிறேன், நாலாவது ஆளுக்கு இன்னும் பெயர் வைக்காதபடியால் வரப்போகிறவர் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். கால் வீக்கம் வற்றியதா? உப்பைக் குறை, ஊறுகாய்ப் போத்தலை மருமகனிடம் சொல்லி எட்டாத தட்டில் வைக்கச் சொல். இங்கே இந்த மாதம் கொட்டின பனியை நீயும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். ஆமி வந்துதான் தெருவில் பனி அள்ளினது. உன் அண்ணன் பிரசாந் மேலே நின்று, "அப்பா, ரொறன்ரோவுக்கு ஆமி வந்திட்டுது" என்று கத்த, நித்திரையாய்க் கிடந்த அப்பா துடித்துப் பதைத்து எழும்பி, ஊரில் ஆமிக்குக் காட்டுகிற ஐடென்ரிகாட்டைத் தேடினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்ச நேரம் கழித்துத்தான்.

ரெலிபோன் இருக்க ஏன் கடிதம் என்று நீ யோசிப்பாய். பேஸ்மென்ற்றில் இருக்கிற எங்கள் ரெலிபோனும் உன் அண்ணனின் மேல் வீட்டு ரெலிபோனும் ஒரே லைன் என்பது உனக்குத் தெரியும். நான் கீழே கதைத்துக்கொண்டிருக்க, நிலாணி மேலே குசினியில் ரிசீவரைத் தூக்கி, மாமி நீங்களோ என்று கேட்டுவிட்டு வைப்பாள். அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை, பத்துத் தரம் எடுத்து வைக்க வேண்டி வந்தாலும் முகம் சுழிக்காத மருமகள் அவள். ஆனாலும் நான் இப்போது சொல்லப்போகிறது அவள் காதிலோ உன் அண்ணன் காதிலோ விழக்கூடாது. அதனால்தான் கொம்பனியில் சாப்பாட்டு நேரம் இந்த மேசையில் இருந்து எழுதுகிறேன். பக்கத்தில் வேரோனிக்கா இருக்கிறாள், என்னோடு வாழ்த்து அட்டை அடுக்கிப் பெட்டி கட்டுகிறவள். நீ வீடு தேடுகிற கதையைக் கேட்டுவிட்டு அவள்தான், "அக்கா, பிள்ளையளிட்டை வாய் திறந்து கேட்டால்தானே அதுகளுக்குத் தெரியும்" என்று காகிதத்தையும் பேனையையும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

உன்னுடைய கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்துவிட்டேன். அரிசோனாவில் எந்த ஊரில் வீடு வாங்குவது என்று நீங்கள் இரண்டு பேரும் ஐந்து மாதமாக அலைகிறீர்கள், முப்பது வீட்டுக்கு மேல் ஏறி இறங்கிவிட்டீர்கள், கடைசியாக மூன்று இடத்தில் வந்து நிற்கிறீர்கள். அப்பா லைபிரரியில் இருந்து அந்த மாநிலத்தின் பெரிய மப் ஒன்றைப் பிரதி எடுத்துவந்து, மூன்று ஊருக்கும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டிவைத்திருக்கிறார். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த ஆள் அல்லவா, எதற்கும் ஒரு மப் வேண்டும். ஆனால் மப்பைப் பார்த்து ஒரு ஊர் குடும்பத்துக்கு ஏற்றதா என்று சொல்ல முடியாது. நான் சொல்லுகிறேன், கேள்.

டூசானை முதலில் விடு. மலை வடிவாக இருக்கிறது, ஐந்தாறு தமிழ்க் குடும்பம் இருக்கிறது, மாதத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். எல்லாம் சரி, மருமகன் வேலைக்குப் போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். அவர் வீட்டுக்கு வரும்போது மிதுனா படுத்துவிடுவாள், விடிய எழும்பும்போது அவர் போய்விட்டிருப்பார், பிள்ளைக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தாளி. எங்கள் ஆட்கள் இருக்கிற இடம் என்ற ஒரே காரணத்துக்காக வீடு தேடக்கூடாது என்பதை நாங்கள் அனுபவித்துப் படித்தவர்கள். எண்பத்தொன்பதில் இந்த நாட்டுக்கு வந்தவுடனே ஊர்ச் சனம் பதினாலு குடும்பம் இருக்கிறது என்று அந்த உயரமான பில்டிங்கில் போய்ப் புகுந்தோமே, லிஃப்ட் பழுதான நாட்களில் பதினோராம் மாடிக்கு நீ புத்தகப் பையோடு ஏறினாய், அந்தப் பதினாலு குடும்பத்தில் ஒருவராவது வந்து பையை வாங்கினார்களா? நீ என்ன பாடம் படிக்கிறாய், ஏன் டொக்டருக்குப் படிக்கவில்லை என்று கேட்க மட்டும் வந்தார்கள்.

இரண்டாவது சான்ட்லர். வேலையிடம் பத்து நிமிடம், பள்ளிக்கூடம் தெரு முடிவில், வீடு புதிது, ஆனால் எல்லா வீடும் ஒரே நிறத்தில் அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டிருக்கிறாய். அதோடு போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய், பின்னேரம் நீங்கள் வீடு பார்க்கப் போனபோது தெருவெல்லாம் சைக்கிள் கிடந்தது, காரை நிறுத்த இடமில்லை என்று. பிள்ளை, அதுதான் விசயம். ஒரு ஊரில் பிள்ளை குட்டியோடு இருக்கலாமா என்று அறிய வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளே போய்க் குழாயைத் திறந்து பார்க்கத் தேவையில்லை, நாலு மணிக்கு அந்தத் தெருவில் போய் நிற்க வேண்டும். சைக்கிளைத் தெருவிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குள்ளே போய்ப் பால் குடிக்கிற பிள்ளைகள் இருக்கிற தெரு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பின்வளவில் நீச்சல் குளம் இருந்தால் மட்டும் முதலில் அதைச் சுற்றி வேலி அடிக்க வேண்டும், பூட்டுப் போட வேண்டும், அதற்குப் பிறகுதான் பால் காய்ச்ச வேண்டும். இதை மருமகனிடம் நான் சொன்னதாகவே சொல்.

மூன்றாவது, பீனிக்ஸ் நகரத்துக்கு நடுவிலே இருக்கிற அந்தப் பழைய வீடு. அதைத்தான் எடுக்கப்போகிறோம், வருகிற மாதம் பத்தாம் திகதிக்குள் ஏஜென்டுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஏன் எடுக்கிறாய் என்று வாசித்தபோதுதான் எனக்கு நெஞ்சு திக்கென்றது. வேலையிடத்துக்கு முக்கால் மணித்தியாலம், இரண்டு பக்கமும் வழக்குப் பேசுகிற அப்புக்காத்துமாரின் கந்தோர்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு தெருவில் ஒரு குஞ்சு இல்லை, மிதுனா பஸ் ஏறித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். இவ்வளவும் நீயே எழுதிவிட்டு, "ஆனால் அம்மா, பேஸ்மென்ற் இருக்கு" என்று முடித்திருக்கிறாய். அந்த ஊரில் நிலம் கல்லு மாதிரி, ஒருவரும் கீழே கிண்டி அறை கட்டுவதில்லை, பேஸ்மென்ற் கேட்டால் ஏஜென்ட் சிரிக்கிறான், ஐந்து மாதம் தேடி உங்களுக்காகவும் அப்பாவுக்காகவும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எவ்வளவு சந்தோசமாக எழுதியிருக்கிறாய். நான் அழுதுவிட்டேன். பாசத்தில் பாதி, கோபத்தில் பாதி. கோபம் உன்னிடம் இல்லை, என்னிடம்தான்.

போன வருசம் நீ எங்களை வந்து இருக்கச் சொல்லிக் கேட்டபோது, எங்களுக்கு ஒரு பேஸ்மென்ற் இருந்தால் போதும் பிள்ளை என்று சொன்னது நான்தான். அது எங்கள் ஆட்கள் சொல்லுகிற பேச்சு. விருந்துக்குப் போனால் ஒரு கரண்டி போதும் என்று சொல்லுவதில்லையா, அதைக் கேட்டு யாராவது ஒரு கரண்டியோடு நிறுத்துவார்களா? பெற்ற தாய் தகப்பன் பிள்ளையிடம் போய் எனக்கு இன்ன அறை வேண்டும், இந்தப் பக்கம் யன்னல் வேண்டும் என்று கேட்க எப்படி நாக்கு எழும்பும்? ரொறன்ரோவில் நாங்கள் அறிந்த குடும்பம் எல்லாவற்றிலும் அம்மா அப்பா என்றால் பேஸ்மென்ற்தான், அதனால் வாயில் அந்தச் சொல்லே வந்துவிட்டது. நீயும் சின்ன வயதில் இருந்தே சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. கடைக்கு அனுப்பினால் சொன்ன கடையில் இல்லை என்று மற்றக் கடையைத் தாண்டி வெறுங்கையோடு திரும்பி வருவாய். இப்போது என்னுடைய ஒரு வெறும் வார்த்தைக்காக ஒரு முழுப் பாலைவனத்தையும் துழாவியிருக்கிறாய்.

ஆகவே உண்மையைச் சொல்லுகிறேன். ஆறு வருசமாகப் பேஸ்மென்ற்றில் இருக்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாளும் பிடிக்கவில்லை. பிரசாந் ஒரு குறையும் வைக்கவில்லை, புதுக் காப்பெற் போட்டான், தனிக் குசினி கட்டித் தந்தான், குளிருக்கு இன்னொரு ஹீற்றர் வாங்கி வைத்தான். அவன் கையில் இருந்ததை எல்லாம் தந்தான், வெளிச்சம் அவன் கையில் இல்லை. முகட்டோடு ஒட்டின அந்த ஒரு முழ யன்னல் இந்த மாதம் இரண்டாம் திகதி பனியில் மூடினது, இன்றைக்கு வரைக்கும் திறக்கவில்லை. விடிந்ததோ பொழுதுபட்டதோ என்று மணிக்கூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நான் மட்டும்தான் இப்படி, அப்பாவுக்கு அது பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். வருகிற போகிற ஆட்களிடம் எல்லாம் வெய்யிலுக்குக் குளிர்ச்சி, குளிருக்குச் சூடு என்று புகழ்ந்துதானே கதைப்பார். அவர் மனம் நோகக்கூடாது என்று நானும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன்.

போன வியாழக்கிழமை பல்லுக் காட்டப் போவதற்காக அரைநாள் லீவு எடுத்தேன், திரும்பி வரும்போது பஸ் மாறுகிற இடத்தில் கடைகள் நிறைந்த மோலுக்குள்ளே போனேன். அப்பா ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குச் சிநேகிதர்களோடு கதைக்கப் போகிறேன் என்று அங்கேதான் போவார். சிநேகிதர் ஒருவரும் இல்லை. நடுவிலே கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கிற வாங்கில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, முகத்தை மேலே நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு தனியாக இருந்தார். நான் தள்ளி நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெயில் நகர்ந்தது, அவர் எழும்பி அடுத்த வாங்குக்குப் போய் அதே மாதிரி முகத்தை நிமிர்த்தினார். பிறகு அதற்கு அடுத்த வாங்கு. என்னால் தாங்க முடியவில்லை, போய்ப் பக்கத்தில் இருந்தேன். என்னைக் கண்டதும் களவு பிடிபட்ட ஆள் மாதிரித் தொப்பியைப் போட்டார். கன காலமாக இப்படியோ என்று கேட்டேன். "கீழை குடிவந்த முதல் மாரியிலை இருந்து" என்றார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உமக்குக் கீழை பிடிச்சிருக்கெண்டு நினைச்சன்" என்றார். இரண்டு பேரும் அதிலே இருந்து சிரித்தோம், பக்கத்தில் கோப்பி குடித்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள். ஆறு வருசம், துர்க்கா. பத்தடி அறைக்குள்ளே முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு, ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லி இருந்திருக்கிறோம்.

அப்போதுதான் உன்னுடைய புது வீட்டுக் கதையை எடுத்தேன். அவர் முகம் விழுந்துபோனது. அரிசோனாவுக்கு எப்போது வருகிறீர்கள் என்று நீ கேட்கிற ஒவ்வொரு முறையும் யோசிப்பம் யோசிப்பம் என்று அவர் தட்டிக்கழித்ததற்குக் காரணமும் அங்கேதான் வெளியே வந்தது. "அங்கையும் கீழைதான் எண்டால் நான் வரேல்லை, நீர் போய்ப் பிள்ளைப்பேறு பாத்திட்டு வாரும்" என்று சொல்லிவிட்டார். அவரைத் தனியாக அந்த இருட்டில் விட்டுவிட்டு நான் வரமாட்டேன், அது உனக்கும் தெரியும். ஆகவே நீ பார்த்துப் பார்த்து எங்களுக்காக எடுக்கிற அந்த வீட்டுக்கு நாங்கள் வரவே மாட்டோம். வருசத்தில் முந்நூறு நாள் வெயில் எறிக்கிற ஊரில், அதுவும் தேடிப் பிடித்து, எங்களைக் கொண்டுபோய் நிலத்துக்குக் கீழே வைக்கப் பார்த்தாயே, என்ன பிள்ளை நீ.

சான்ட்லர் வீட்டையே எடுங்கள். மருமகன் பின்னேரம் ஆறு மணிக்குப் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவார், மிதுனா நடந்து பள்ளிக்கூடம் போவாள், எல்லா வீடும் ஒரே நிறம் என்றால் வாசலில் ஒரு போகன்விலா வை, அடையாளம் தெரியும். அந்த வீட்டில் பின்பக்கம் ஒரு அறை இருக்கிறது, காலமை வெயில் நேரே உள்ளே விழுகிறது, அதனால் சாமான் போட்டுவைக்கத்தான் சரி என்று எழுதியிருக்கிறாய். அந்த அறை எனக்கு வேண்டும். என் வாழ்நாளில் பிள்ளைகளிடம் இது வேண்டும் என்று நான் கேட்கிற முதல் பொருள் இது. எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் வெட்டாமல் விடுகிறேன். சாமானைக் கராஜுக்குள்ளே போடு, அந்த யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை வாங்கிவிடாதே. வெக்கை தாங்கமாட்டீர்கள் என்று மருமகன் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில் சித்திரை வெயிலில் மிளகாய் காயப்போட்டு நடுவிலே நின்று கிண்டினவள் நான், அதை அவருக்கு ஞாபகப்படுத்து. அறை எங்களுக்கு என்று நீ சொல்லுகிற அன்றைக்கே பங்குனி கடைசிக்கு இரண்டு ரிக்கற் போடச் சொல்லி அப்பாவிடம் பேசி முடித்துவிட்டேன். பிறக்கப்போகிறவரைக் குளிப்பாட்ட நான், மிதுனாவைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போக அவர்.

சாப்பாட்டு நேரம் முடிகிற மணி அடித்துவிட்டது, வேரோனிக்கா முத்திரையோடு நிற்கிறாள், எக்ஸ்பிரஸில் போடுகிறோம், பத்தாம் திகதிக்கு முன்னாலே கிடைத்துவிடும். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குத்தூள் இரண்டு கிலோ இடித்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருவேன், அதுவரைக்கும் நிறையத் தண்ணீர் குடி, இடது பக்கம் சரிந்து படு. உங்கள் நாலு பேருக்கும் நீண்ட ஆயுளும் குறையாத சுகமும் கிடைக்க வேண்டும், புது வீட்டில் நல்ல சத்தம் நிறைந்திருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ரெலிபோன் எடுக்கும்போது, பேஸ்மென்ற் வீடு சரிவரவில்லை என்று மட்டும் சொல். மேலே ஆட்கள் இருப்பார்கள், ஆகவே நான், "ஐயோ, அருமையான வீடெல்லோ பிள்ளை, கை நழுவிப் போச்சே" என்று பெரிதாகக் கவலைப்படுவேன். தயவுசெய்து நம்பிவிடாதே.

இப்படிக்கு
கையெழுத்துக் கோணினாலும் சொன்னதில் மாறாத உன் அம்மா
குணவதி இராஜரட்ணம்