பேர் சொல்லிக் கேட்ட ஓட்டு

கல்மண்டபம், ராயபுரம்
1955

சௌபாக்கியவதி ரகுபதியின் தாயாருக்கு அநேக ஆசீர்வாதம். நான் இங்கே சுகம். அம்மாவின் மூட்டுவலியும் ரகுபதியின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

போன வாரம் துறைமுகத்தில் கோதுமை மூட்டை ஒன்று சரிந்து என் தோளில் விழுந்தது. பயப்படாதே, எண்ணெய் தேய்த்ததில் சரியாகிவிட்டது. உன் கடுதாசிதான் இன்னும் வலிக்கிறது.

நம் ஊர் பஞ்சாயத்து பிரசிடெண்டு தேர்தலில் நிற்கிற தணிகாசலம் வீட்டுக்கு வந்து, உன்னைப் பேர் சொல்லி, அக்கா போட்டு ஓட்டுக் கேட்டானாமே. நீ மோர் கொடுத்தாயாமே! பழைய பிரசிடெண்டும் ஓட்டுக் கேட்டவர்தான். ஆண்பிள்ளையிடம் கேட்பார், உள்ளே பெண்கள் இருப்பதே தெரியாதவர்போலப் போய்விடுவார். அதுவல்லவா மரியாதை? "என்னை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

அறையில் கூட இருக்கும் நீலமேகத்திடம் பொருமினேன்.

"இன்னா மாமு, அவன் ஓட்டு கேட்டுகினு பூட்டான். உனுக்கு இன்னாத்துக்கு வவுறு எரியுது? நீ அண்ணிய இன்னான்னு கூப்புடுவே?" என்றான்.

"இந்தா" என்றுதான் கூப்பிடுவேன் என்றேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. உன் பழைய புடவையில் ஒரு தலையணை உறை தைத்து அனுப்பு. ஓட்டைப் பழைய பிரசிடெண்டுக்கே போடு. இனி யார் வந்தாலும் மோரை அம்மா கொடுக்கட்டும்.

சங்கு ஊதிவிட்டது, வேலைக்கு ஓடுகிறேன். இந்தத் தடவை கடுதாசியின் மேல் அம்மா பேரைப் போடவில்லை. அலர்மேலு என்று உன் பேரையே எழுதியிருக்கிறேன். தபால்காரர் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் உடனே வெளியே வந்துவிடாதே.

பக்தவச்சலம்