யமுனாவின் பூட்ஸுக்குக் கஞ்சி போட்டேன்

என் ஆசை தேவகிக்கு,

காலையிலிருந்து தறியில் உட்காருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன். ஒரு விரல் அகலம்கூட நெய்யவில்லை. யமுனா பள்ளிக்கூடம் போய்விட்டாள். வலது காலை இழுத்து இழுத்துத்தான் போனாள். நீ இருந்திருந்தால் இந்நேரம் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். திட்ட ஆளில்லை, அதனால் நானே உனக்கு எழுதுகிறேன்.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. சனி ஞாயிறுகளில் மகளைக் காஞ்சிபுரத்துக்கு ஸ்கேட்டிங் அழைத்துப் போகிற வேலை இப்போது என்னுடையது. மானாம்பதியில் பஸ் ஏறினால் பெருநகர் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். உன் தோளிலும் அப்படித்தானா? பூட்ஸுக்கு அடியில் நாலு சக்கரத்தோடு அவள் சுழல்வதையும் தாவுவதையும் நீ இருந்தவரை நான் போய்ப் பார்த்ததே இல்லை. “தறிக்காரன் பொண்ணுக்கு இன்னாத்துக்கு இந்த சர்க்கஸு?” என்று கேட்டவன்தானே. இப்போது அவள் தாவும்போதெல்லாம் ஓரத்துக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சிரிக்காதே.

பயிற்சி தருகிற மிஸ் சித்திரையிலேயே சொன்னார்கள். “கணுக்கால்கிட்ட பூட்ஸ் தொய்ஞ்சிடுச்சி சார். சக்கரமும் அது மாட்டியிருக்கிற தகடும் நல்லா இருக்கு, அதைக் கழட்டி புதுசுல மாட்டிக்கலாம். பூட்ஸை மட்டும் மாத்திடுங்க.”

எனக்கு அது ஏறவில்லை. தோல் பளபளவென்று இருக்கிறது, தையல் விடவில்லை, அடி பெயரவில்லை. பிறகென்ன? ஆனால் உண்மையான காரணம் அதில்லை. அது நீ சென்னைக்குக் கூட்டிப்போய், அவள் காலை அளந்து வாங்கி வந்த பூட்ஸ். உன் புடவைகளையும் செருப்பையும் கருமாதியன்று எல்லோரும் சொன்னபடி கொடுத்துவிட்டேன். இதையுமா கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று எனக்குக் கோபம். யார்மேல் என்று கேட்காதே.

அந்த வாரம் தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குக் காய்ச்சிய கஞ்சி கொஞ்சம் மீந்திருந்தது. நூல் தொய்ந்தால் நாம் என்ன செய்வோம்? கஞ்சி போட்டு விறைப்பாக்குவோம். அதே புத்திதான். கணுக்கால் பக்கம் உள்ளும் புறமும் இரண்டு முறை பூசி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் தட்டிப் பார்த்தால் பலகை மாதிரி டக் டக்கென்றது. “மிஸ்ஸாண்ட காட்டு, உங்கப்பன் வேலைய” என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மறுநாள் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. வியர்வை பட்டுக் கஞ்சி வழவழத்து, சாக்ஸில் ஒட்டி, திரும்பி வரும்போது பஸ் முழுக்கப் புளித்த வாடை. பக்கத்து சீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார். யமுனா விழுந்து விழுந்து சிரித்தாள். நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் பூட்ஸை மறந்தே போனேன்.

வாரா வாரம் கேட்கத்தான் செய்தேன். “கால் நோவுதா?”

“ஒண்ணுமில்லப்பா.”

போன ஞாயிறு தாவி இறங்கும்போது கால் உள்பக்கமாக மடிந்து விழுந்தாள். ஓடிப்போய் பூட்ஸைக் கழற்றினேன். சாக்ஸுக்குள்ளே பழைய துண்டைக் கிழித்து மூன்று சுற்றுச் சுற்றியிருந்தாள். அதை அவிழ்த்தால் கணுக்கால் வீங்கிக் கிடக்கிறது.

“எத்தினி நாளா இத கட்டிக்கினு கீற?”

“ரெண்டு மாசமா.”

“ஏம்மா சொல்லல?”

“அம்மா வாங்கினது. மாத்தினா நீ அயுவியோன்னு பயந்துக்கினு இருந்தேன்.”

நானும் அவள் அழுவாளோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன், தேவகி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து அந்தக் காலைக் கெடுத்துவிட்டோம். எலும்பு முறியவில்லை. மூன்று வாரம் சக்கரத்தில் ஏறக்கூடாது என்கிறார் டாக்டர். இந்த வருடம் மாவட்டப் போட்டி அவளுக்கு இல்லை. அவள் சமாதானமாகிவிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை.

ஏனென்று உனக்குத் தெரியும். உன் கால் வீங்கியபோதும் கேட்டேன். “ஒண்ணுமில்லய்யா, நாளெல்லாம் நின்னுக்கினே கீறேன்ல, அதான்” என்றாய். நானும் மெடிக்கலில் மாத்திரை வாங்கி வந்து தந்துவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டேன். மேலுக்குப் பார்க்க நீயும் நன்றாகத்தானே இருந்தாய்? ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிறுநீரகம் இரண்டுமே போய்விட்டது என்றார்கள். ஒரு மாதம் முன்னால் கூட்டிப்போயிருந்தால் என்ற கேள்வியோடுதான் தினமும் எழுந்திருக்கிறேன். நீ பதில் சொல்லப்போவதில்லை.

இன்று காலை அவள் போனதும் பூட்ஸை எடுத்தேன். மாதம் பிறந்தால் நீ கயிற்றைத் தளர்த்திக் கணுக்கால் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்குவாய். “அமுக்குனா திரும்பி நிக்கணும்யா. மடிஞ்சிக்கினா அவ்ளோதான்” என்று ஒருமுறை தறிப்பக்கம் பார்த்துச் சொன்னாய். நான் நிமிரக்கூட இல்லை. இன்று நானும் அமுக்கினேன். துண்டு மாதிரி மடிந்து, மடிந்தபடியே கிடந்தது.

சக்கரங்களைத் தகட்டோடு கழற்றி வைத்துவிட்டேன். நாலு நட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது. வீக்கம் வடிந்ததும் சென்னைக்குக் கூட்டிப்போய்க் காலை அளந்து புதுசு வாங்குவேன். பழசை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை. யமுனா வந்ததும் அவளையே கேட்கிறேன். இந்தத் தடவை நானாக எதையும் நினைத்துக்கொள்ளப் போவதில்லை.

இனி மாதம் பிறந்தால் என் கட்டைவிரல் அமுக்கும். உனக்குச் செய்யாததை அவளுக்குச் செய்வேன், தேவகி. “ஒண்ணுமில்லப்பா” என்று அவள் சொன்னால், உன்மேல் ஆணையாக, அவிழ்த்துப் பார்க்காமல் நம்பமாட்டேன்.

உன் வூட்டுக்காரன், யமுனாவின் அப்பா,
சபாபதி