ஹைப்போ கேன்களும் மங்கலம் அக்காவின் மூக்கும்

மே 6, 2009

ஆடிட் முடிந்தது. அப்பாடா! எங்கள் மருந்தை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர், மூன்று நாள் குடைந்து எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஸ்டோர் ஷெட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமா என்று படம் எடுத்துக்கொண்டார்கள். அது என் வேலை! விருந்தாளி வந்தால் அம்மா எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் தள்ளுவாளே, அதே வித்தைதான். ஷெட்டை அடைத்துக்கொண்டிருந்த நாற்பது ஹைப்போ கேன்களையும் (ப்ளீச்சிங் திரவம்தான்) பாய்லருக்குப் பின்னால் வெட்டவெளிக்கு நகர்த்தினேன். சுண்ணாம்பு அடித்து, தரையில் மஞ்சள் கோடு போட்டேன். ஜி.எம். கௌரிசங்கர் சார் கேண்டீனில் எல்லார் முன்னாலும், "பிரிசில்லா மேடத்தைப் பாத்துக் கத்துக்குங்கப்பா" என்றார்.

சுற்றுச்சூழல் ஆபீசராகச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஜூன் முப்பதில் வேலை நிரந்தரம். அம்மா இப்போதே திருப்பாதிரிப்புலியூர் முழுக்கச் சொல்லியாயிற்று.

மே 19

ஆபீசுக்கு ஒரு போன். கம்பெனிக்குப் பின்புறக் காலனியில் பஜ்ஜிக் கடை போட்டிருக்கும் மங்கலம் என்பவர். "நாலு மணியானா முட்டைக்கோசு அழுவுன நாத்தம் வருதும்மா. நின்னு தின்ன முடியாம ஜனம் ஓடுது."

ஜி.எம்மிடம் கேட்டேன். "பக்கத்துக் கம்பெனின்னு சொல்லிடுங்க" என்றார். இந்தத் தொழிற்பேட்டையில் எல்லாக் கம்பெனிக்கும் அதுதான் பதில். நானும் சொன்னேன்.

"அப்பிடியா? பக்கத்துக் கம்பெனிக்காரன் ஒங்களைத்தான் கைய காட்டுறான்" என்று வைத்துவிட்டார். எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

மே 20

மறுபடி மங்கலத்தின் போன். மணி நாலு ஐந்து.

மே 22

கடைக்கே போனேன். வாழைக்காய் பஜ்ஜி அமிர்தம். மங்கலம் அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும், வாய் நிற்பதே இல்லை. எந்த நாற்றம் எந்தக் கம்பெனி என்று பாடமாக ஒப்பிக்கிறார். "நெயில் பாலிஷ் வாடைன்னா அது ரோட்டுக்கு அந்தாண்ட உள்ளவன். சோப்பு வாடைன்னா முக்குல உள்ளவன். இந்த முட்டைக்கோசு மட்டும் புதுசு, பத்து நாளாத்தான்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடல்காற்று திரும்பியது. ஐயோ கர்த்தரே! வாயில் வைத்த பஜ்ஜியை விழுங்க முடியவில்லை. பெஞ்சில் இருந்த நாலு பேரும் தட்டைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்து மூடினார், அவ்வளவுதான்.

மே 25

நாமும் மருந்துக்குக் கந்தகச் சரக்கு காய்ச்சுகிறோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் ஆவி ஸ்க்ரப்பர் கோபுரத்தில் ஏறும், மேலிருந்து ஹைப்போ தண்ணீர் கொட்டும், நாற்றம் செத்துவிடும். இரண்டு மணிக்கொரு தடவை அந்தத் தண்ணீரின் காரத்தன்மை எவ்வளவு என்று பார்த்து எழுதுகிறோம். மூன்று வாரப் பதிவேட்டைப் புரட்டினேன். எல்லாம் பதினொன்று, பதினொன்று. தப்பே இல்லை.

ஆபரேட்டர் தேவசகாயம் அண்ணனிடம், உங்களுக்கு ஏதாவது வாடை தெரிகிறதா என்று கேட்டேன்.

"எம் மூக்கு செத்துப் பன்னெண்டு வருசம் மேடம். எனக்கு மீன் கொழம்பும் பாயசமும் ஒண்ணுதான். எம் பொண்டாட்டி சமையலுக்கு அது நல்லதுதான்னு வச்சிக்குங்க."

மே 27

மங்கலம் அக்கா நாள்காட்டியில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறார், நாற்றம் வந்த நாளுக்கெல்லாம். அதைக் குறித்துக்கொண்டு வந்து எங்கள் பேட்ச் கணக்கோடு ஒப்பிட்டேன். நாங்கள் மூன்றரைக்குக் கந்தகச் சரக்கைக் கலனில் ஏற்றிய நாட்களும் அவருடைய புள்ளிகளும் ஒன்றுக்கொன்று பிசகவில்லை. பதினொரு நாள். பதினொரு புள்ளி.

நாம்தான்.

மே 28

ஹைப்போவையே எடுத்துச் சோதித்தேன். அதன் வீரியம் பன்னிரண்டு சதவீதம் இருக்க வேண்டும். இரண்டரை இருக்கிறது. இன்னொரு கேன். இரண்டு. வெயிலில் வைத்தால் ஹைப்போ செத்துவிடும். காரம் மட்டும் அப்படியே நிற்கும், அதனால்தான் பதிவேடு "சரி, சரி" என்றது. காலேஜில் முதல் வருடமே படித்தது. அக்னி நட்சத்திரத்தில், வெட்டவெளியில், நாற்பது கேன்.

யார் வைத்தது?

மே 29

சாப்பிடப் பிடிக்கவில்லை. ஏன்டி பிரிசில்லா, இப்ப இன்னா பண்ணப் போற? புது ஹைப்போவுக்கு ஆர்டர் போட்டு, பழசை ஊத்திட்டு, கம்முனு இருந்துட்டா எவனுக்குத் தெரியும்? நாத்தம் நின்னுடும். அக்கா கடையும் நடக்கும். ஜூன் முப்பதும் வந்துடும். எல்லாருக்கும் சந்தோசம்தானே?

அப்ப அடுத்த மே மாசம், வேற ஒருத்தி வந்து ஷெட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பா.

மே 30

சொல்லிவிட்டேன். ஜி.எம். கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"ஒங்கள யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் இல்ல சார்."

"நான் வேற எல்லார் முன்னாடியும் புகழ்ந்துட்டேனேம்மா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். விபூதி உதிர்ந்தது. பிறகு போனை எடுத்தார். புது ஹைப்போ வரும்வரை கந்தக பேட்ச் நிறுத்தம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நடந்ததை நடந்தபடி நானே எழுத வேண்டும். நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போகும். கதவருகில் வந்தபோது, "பக்கத்துக் கம்பெனின்னு சொல்லச் சொன்னது நானு. அதையும் எழுதுங்க" என்றார்.

அந்த மனிதர்மேல் திடீரென்று ஒரு பாசம் வந்துவிட்டது.

ஜூன் 2

மங்கலம் அக்காவிடம் போய், எங்கள் கம்பெனிதான், அதுவும் என்னால்தான் என்றேன். கரண்டியோடு நின்றார்.

"அப்ப அன்னிக்குப் போன்ல பொய்யா சொன்ன?"

"தெரியாம சொன்னேன்க்கா."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும். நோகாம அடுத்தவன் தலையில கட்டுறதா? படிச்ச புள்ள!" பஜ்ஜி சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்ல டோஸ். வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்ததும் தட்டில் மூன்று மிளகாய் பஜ்ஜி வைத்து நீட்டினார். அதுவும் தண்டனையோ என்னவோ, அப்படி ஒரு காரம்!

ஜூன் 17

புது ஹைப்போ வந்து, கேன்கள் ஷெட்டுக்குத் திரும்பின. இனி ஷிஃப்டுக்கு ஒருமுறை வீரியச் சோதனை. வேலி ஓரம் வாயு மீட்டர் ஒன்று மாட்டினோம்.

இன்று மங்கலம் அக்காவை உள்ளே அழைத்துச் சுற்றிக் காட்டினோம். தலையில் ஹெல்மெட், கொண்டை உள்ளே போகவில்லை. கொண்டையை அவிழ்த்து, திட்டிக்கொண்டே மாட்டினார். ஸ்க்ரப்பரை அண்ணாந்து பார்த்து, "இதுக்கா இவ்ளோ பேச்சு?" என்றார். வாடை வந்தால் உடனே சொல்ல, ஆபரேட்டர் அறை போன் நம்பரை அவரிடம் கொடுத்தோம். பதிவேட்டில் மீட்டர் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டேன்: "மங்கலம்". தேவசகாயம் அண்ணன், "கலெக்டருக்குக்கூட இங்க கட்டம் கிடையாது மேடம்" என்றார்.

செப்டம்பர் 30

நிரந்தரம்! அம்மா மறுபடி ஊர் முழுக்க.

நவம்பர் 26

வெளியூரில் சித்தப்பா மகள் கல்யாணம், மூன்று நாள் லீவு. போனை அணைத்து வைக்கவில்லை, ஆனால் ஒரு அழைப்பும் வரவில்லை. இன்று காலை வந்து பதிவேட்டைத் திறந்தேன். இருபத்து நாலாம் தேதி, தேவசகாயம் அண்ணனின் கோணல் எழுத்து:

4.10. மீட்டர்: பூஜ்யம். மங்கலம்: வாடை இருக்கு. பேட்ச் நிறுத்தப்பட்டது. குழாய் மூட்டு கேஸ்கட் கிழிசல், மாற்றப்பட்டது. 5.40. மீட்டர்: பூஜ்யம். மங்கலம்: இல்லை. பேட்ச் தொடங்கியது.

கீழே ஜி.எம்மின் கையெழுத்து. என்னை ஏன் கூப்பிடவில்லை என்று அண்ணனிடம் கேட்டேன்.

"எதுக்கு மேடம்? அதான் அவுங்க சொல்லிட்டாங்களே."