ஏசியை அணைக்கச் சொன்ன மைலேஜ்

என் அம்மாவுக்கு, கும்பிட்டு எழுதுகிறேன். நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? குறைந்துவிட்டதென்று மருந்தை நிறுத்திவிடாதே.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளை வீட்டில் விட்டுவர எனக்குப் புது ஹைபிரிட் கார் கொடுத்திருந்தார்கள். பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடும். ஆக்சிலேட்டரைப் பூப்போல மிதித்து, சிக்னலுக்கு முன்பே காலை எடுத்துவிட்டால் பேட்டரி தானாகச் சார்ஜ் ஏறும். போன மாதம் இங்குள்ள டிரைவர்களில் மைலேஜில் நான்தான் முதல்.

நேற்று டயாலிசிஸ் முடிந்த ஒரு டீச்சரம்மாவை வீட்டில் விடப் போனேன். கொளுத்தும் வெயில். மைலேஜை நேரில் பார்க்கிறேனென்று முன்சீட்டில் ஏறிய சூப்பர்வைசர், ஏசியை அணைத்துவிட்டார். பின்னால் அந்த அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டித் தலை சாய்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசியைப் போட்டேன்.

"மைலேஜ் போயிடும்ப்பா!" என்றார்.

"போகட்டும் சார். இவங்க மயங்கி விழுந்தா, மிச்சம் புடிச்ச பெட்ரோலையா மூஞ்சில தெளிப்பீங்க?"

டீச்சரம்மா கண்ணைத் திறந்து, "நல்லாக் கேளுப்பா" என்றார். அவரைக் கைத்தாங்கலாக வாசலில் கொண்டுபோய் விட்டேன்.

இன்று காலை என்னிடமிருந்து காரைப் பிடுங்கிப் பழைய வேனைக் கொடுத்துவிட்டார்கள். ஆளை வாட்டி எண்ணெய் மிச்சம் பிடிப்பது என்ன நியாயம், சொல்! நீ கவலைப்படாதே, வேலை போகவில்லை.

வேன் கண்ணாடி துடைக்க இங்கே நல்ல துணி கிடைக்கவில்லை. உன் பழைய நூல் புடவை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

கூப்பிடுகிறார்கள், வருகிறேன் அம்மா.