இவர் பக்கத்துச் சட்டம் இரண்டும் ஒரு வில்லும்

ஜூலை 4, சனி

காலையில் தூறல். பிறகு கடல் காற்று. பல்கனியில் காயப்போட்ட உடுப்பு இரண்டு கீழ்வீட்டுக்குப் போய்விட்டது.

முடிவு செய்தாயிற்று. வில்லை நானே செய்யப் போகிறேன். மரவில். கழற்றிப் பூட்டுகிற மாதிரி: நடுவில் பிடி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை, போல்ட் நான்கு. முழு வில் என்றால் எங்கள் லிஃப்டுக்குள் நிமிர்த்த முடியாது, பஸ்ஸில் கொண்டக்டர் ஏற்ற மாட்டார். கழற்றினால் பட்மின்டன் பைக்குள் அடங்கும்.

காரணம் சுரங்கி. ஹெவ்லொக் டவுன் மைதானத்தில் வார இறுதியில் எங்களுக்கு வில் பழக்குகிற பிள்ளை. இன்று சொன்னாள்: 19ஆம் திகதி ஞாயிறு அம்பு விடுவது சொந்தக் கையால் செய்த மரவில்லால் மட்டும். முதலில் இருபது தரம் முழுதாக இழுத்துக் காட்ட வேண்டும். உடையாவிட்டால்தான் அம்பு விடும் கோட்டில் நிற்கலாம்.

இவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

"கேக் வகுப்பு. பின்னல். கீபோர்ட். இப்ப வில்லோ? உம்மட அரைகுறைகளுக்கு இன்னொரு அலுமாரி வாங்கோணும்."

சுட்டது. உண்மை என்பதால் இன்னும் சுட்டது. நாற்பத்தொன்பது வயதில் நான் தொடங்கி முடித்த சாமான் என்று வீட்டில் ஒன்றுமில்லை. இதை முடிப்பேன். இங்கே எழுதிவிட்டேன், இனி மாற்ற முடியாது.

ஜூலை 5, ஞாயிறு

நல்ல வெயில். மாளிகாவத்தை, ரபீக் நானாவின் தச்சுப் பட்டறை. எங்கள் குசினி அலுமாரி செய்தவர். வில் என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து நான் கீறிய படத்தைத் திருத்தினார்.

பிடிக்கு முதிரை மரத்துண்டு கிடைத்தது, யாரோ வீட்டுக் கதவு நிலையில் வெட்டியது. நல்ல பாரம். கைகளுக்குத்தான் மரமில்லை.

"வளையிறதுக்கு ஹல்மில்ல மரம் ஈக்கோணும் தங்கச்சி. பழசா, நல்லாக் காஞ்சதா. நார் நேரா ஓடோணும். அது இப்ப எங்க கெடைக்கிற?"

வீட்டுக்கு வந்து கட்டில் விரிப்பு மாற்ற மெத்தையைத் தூக்கினேன். தூக்கியபடியே நின்றேன்.

எங்கள் கட்டில் கலியாணத்துக்கு முன்பே பழசாக வாங்கியது. நடுவில் ஒரு விட்டம், இரண்டு பக்கமும் தனித்தனிக் குறுக்குச் சட்டம். என் பக்கம் எல்லாம் முடிச்சு. இவர் பக்கம்? கோடு போட்ட கொப்பி மாதிரி நார் நேராக ஓடுகிறது. படம் எடுத்து ரபீக் நானாவுக்கு அனுப்பினேன். குரல் பதில் வந்தது: "ஹல்மில்ல தான். ஏன், கட்டில விக்கப் போறீங்களா?"

ஜூலை 7, செவ்வாய்

கந்தோரில் அரைநாள் லீவு. இவர் கிருலப்பனையில், மருந்துக் கடையில். ஆறு மணிக்கு முன் வர மாட்டார்.

செய்தேன்.

வேண்டியது: ஸ்குரூ டிரைவர், பிளைவுட் கீலம் 2, பழைய துணி, துணிவு.

இவர் பக்கத்துச் சட்டம் இரண்டைக் கழற்றி, அந்த இடத்தில் பிளைவுட் வைத்து முடுக்கிவிட்டேன். மேலே மெத்தை. ஒன்றும் தெரியவில்லை. நான் ஏறி இருந்து பார்த்தேன், கொஞ்சம் பதிகிறது. தாங்கும். தாங்க வேண்டும்.

மறக்காமலிருக்க: இரண்டு ஆணித்துளை உள்ள சட்டம், இவருடைய தோளுக்குக் கீழே இருந்தது, மேல் கை. ஒரு துளை உள்ளது, இவருடைய இடுப்புக்குக் கீழே இருந்தது, கீழ்க் கை. கீழ்க் கையை ஒரு நூல் தடிப்பாக விடவேண்டும், பாரம் அதில்தான் கூட. இரண்டிலும் பென்சிலால் மே, கீ என்று எழுதியாயிற்று.

என் பக்கத்துச் சட்டத்தை எடுத்திருக்கலாம் என்று மனச்சாட்சி சொல்கிறது. முடிச்சு மரம் வில்லுக்கு ஆகாது, மனுசருக்கு ஆகும் என்று அதற்குச் சொன்னேன். கேட்கவில்லை. இந்தக் கொப்பியை அலுமாரியில் பச்சைச் சேலைக்குக் கீழே வைக்கிறேன்.

ஜூலை 8, புதன்

இவர், பல் விளக்கிக்கொண்டு: "இஞ்ச, கட்டில் ஒரு மாதிரிப் பதியுது."

"மெத்தை பழசப்பா."

பொய், ஒன்று.

ஜூலை 11, சனி

மைதானத்துக்குப் போகவில்லை. காலை முழுக்கப் பட்டறை. மரம் அரிகிற பெரிய வாளில் ரபீக் நானா வெளிக்கோட்டை மட்டும் வெட்டித் தந்தார். மற்றதெல்லாம் நான்: அரம், சீவுளி, கண்ணாடித் துண்டு. சீவ ஒரு வாசம் வந்தது பாருங்கள். அறுபது வருசமாவது உள்ளே கிடந்த வாசம். உள்ளங்கையில் கொப்புளம் மூன்று. சந்தோசம் தாங்க முடியவில்லை, த்ரீவீலரில் தனியே சிரித்துக்கொண்டு வந்தேன், டிரைவர் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தார்.

போல்ட் பூட்டியதும் அது வில். அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கு முன் மூன்று கட்டை, இப்போது வில்.

இவர் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல மரம். எங்க எடுத்தனீர்?"

"மாளிகாவத்தையில வெட்டினது."

வெட்டியது அங்கேதான். பொய், ஒன்றரை.

ஜூலை 14, செவ்வாய்

மழை. கந்தோரில் ஒரே படிவத்தை இரண்டு தரம் நிரப்பினேன். மனம் முழுக்க நாண்.

பின்னேரம் முதல் வளைவு. சுவர்க் கொழுக்கியில் பிடி, நாணில் பயணப்பை நிறுக்கும் தராசு. மெல்ல இழுத்தேன். இருபது அங்குலம் இழுக்க இருபத்திரண்டு இறாத்தல். மேல் கை நடுவில் விறைப்பு, அங்கே மட்டும் சுரண்டல். முப்பது தரம் இழு, பார், சுரண்டு. திரும்ப இழு. எட்டு மணிக்கு இரண்டு கையும் ஒன்றாக வளைந்தன. கைதட்டினேன்.

சத்தத்துக்கு இவர் வந்தார். வில்லை வாங்கி, கொஞ்சம் இழுத்து, விட்டார். நெடுநேரம் பார்த்தார்.

"நீர் செய்ததோ?"

இந்த மனிசன் வாயில் அதுவே பெரிய பாராட்டு. அதோடு விட்டிருக்கலாம். போகும்போது இடுப்பில் கை வைத்து நாரியைப் பிடித்துக்கொண்டு போனார். "நாள் முழுக்க நிண்டு நிண்டு நாரி விட்டுப்போச்சு." நோவுக்குப் பூசுகிற பாம் போத்தல் பாதி முடிந்துவிட்டது. பூசிவிட்டேன். அறை முழுக்க அந்த மணம். சொல்லிவிடுவோமா என்று வாய் வரை வந்தது. ஞாயிறு முடியட்டும்.

ஜூலை 16, வியாழன்

28 அங்குலம், 28 இறாத்தல். போதும், இனித் தொடக்கூடாது. மணல்தாள் மூன்று வகை. கன்னத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு வழுவழுப்பு. வார்னிஷ் முதல் பூச்சு. தேன் நிறம். பத்து நிமிடத்துக்கொருமுறை போய்ப் பார்க்கிறேன், குழந்தை தூங்குகிற மாதிரி.

ஜூலை 18, சனி

காற்று. வார்னிஷ் காய்ந்துவிட்டது. பையில்: பிடி, கை 2, போல்ட் 4, சாவி, நாண் 2, அம்பு 6, பிளாஸ்டர், கிழங்கு ரொட்டி.

"நாளைக்கு வாங்கோவன்," என்றேன்.

"இந்த நாரியோடையோ? நீர் போட்டு வாரும்."

ஜூலை 19, ஞாயிறு

முதலிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

மைதானத்தில் பத்துப் பேர், பத்து வில். பையைத் திறந்து கைகளை எடுத்தேன். மே இல்லை. கீ இல்லை. வியாழக்கிழமை மணல்தாளால் நானே துடைத்திருக்கிறேன். வழுவழுப்பு, கன்னம் என்று எழுதிக்கொண்டிருந்த அதே நேரம். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். அடியில் ஒன்றில் இரண்டு துளை, மற்றதில் ஒன்று. எது மேல்? மண்டை வெறுமை. ஒரு நூல் வித்தியாசத்தைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை, வெயிலில் மின்னுகிறது.

சுரங்கி சொன்னாள், மாற்றிப் பூட்டினால் இழுக்கும்போது பிளந்தாலும் பிளக்கும், முகத்துக்கு நேரே. இன்னும் பத்து நிமிடம், அக்கே.

கொப்பியில் இருக்கிறது. கொப்பி வீட்டில். வீட்டில் இவர் மட்டும்.

திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அரைகுறை அலுமாரியில் இன்னொன்று. பிறகு போனை எடுத்தேன்.

"இஞ்சருங்கோ. அலுமாரியில பச்சைச் சேலைக்குக் கீழ ஒரு கொப்பி. ஏழாம் திகதி. துளை எண்டு இருக்கிற இடத்தை மட்டும் வாசியுங்கோ. மற்றதைப் பாக்காதேங்கோ."

"பாக்காமல் எப்பிடித் துளையைக் கண்டுபிடிக்கிறது?"

தாள் புரளும் சத்தம். மருந்துச் சீட்டு வாசிக்கிற குரலில் வாசித்தார். "இரண்டு ஆணித்துளை உள்ள சட்டம். இவருடைய தோளுக்குக்..."

அதே வரியை மெல்லத் திரும்ப வாசித்தார்.

"இவர் எண்டது நானோ?"

"ஓம்."

"பன்னிரண்டு நாள் பாம் பூசினனான்."

"ஓம்."

"நீரும் பூசிவிட்டனீர்."

அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. மன்னியுங்கோ என்றேன், அது மட்டும் பொய்யில்லை.

பிறகு: "ரெண்டு துளை மேல. போய்ப் பூட்டும். என்ர நாரி முறிஞ்சது காணும். அது முறியக்கூடாது."

பூட்டினேன். இழுத்தேன். சுரங்கி பக்கத்தில் நின்று எண்ணினாள். பதினேழில் ஒரு கிறீச், எல்லோரும் பின்வாங்கினார்கள். என் தோள்மூட்டு. பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

"ஹரி அக்கே," சரி என்று கோட்டைக் காட்டினாள்.

ஆறு அம்பு. ஐந்து வைக்கோல் இலக்கில், ஒன்று புல்லில். ஐந்தில் ஒன்று நடு மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில். நான் செய்த வில், நான் விட்ட அம்பு. முடித்துவிட்டேன். ஒன்றை முழுதாக முடித்துவிட்டேன்.

வீடு. இவர் கதிரையில், பேப்பர். கொப்பி மேசையில் மூடியபடி. ஏச்சு வரும் என்று நின்றேன். வில்லைக் காட்டச் சொன்னார். போல்ட்டைத் தானே பூட்டி, நாணேற்றி, இந்த முறை முழுதாக இழுத்தார். முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆனது. மெல்லத் திருப்பி விட்டார்.

"அரைகுறை இல்லை," என்றார்.

பிறகுதான் அறைக்குள் போனேன். தரையில் ஸ்குரூ டிரைவர். மெத்தையைத் தூக்கினேன். என் பக்கத்து முடிச்சுச் சட்டம் இரண்டு இவர் பக்கத்தில், முடுக்கியபடி. பிளைவுட் இரண்டும் என் பக்கத்தில்.

"முடிச்சு மரம் மனுசருக்கு ஆகும் எண்டு நீர்தானே எழுதியிருக்கிறீர்," என்றது கதிரை.

ஜூலை 20, திங்கள்

மழை. என் நாரி சரியான நோ. இவர் விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனார். பாம் போத்தலை என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.