இயந்திரம் தயாராக நின்ற பதினேழு நிமிடம்

அனுப்புநர்:
அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுக்கும் ஊழியன்

பெறுநர்:
விசாரணை அதிகாரி அவர்கள்,
பொது மருத்துவமனை நிர்வாகம்

பொருள்: நெஞ்சுவலி நோயாளியின் மரணம் – செவிலியர் மீதான தாமதக் குற்றச்சாட்டை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

பத்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

1. அன்று காலை 11.20-க்கு லேத் பட்டறைக்காரர் ஒருவரை அவருடைய தம்பிகள் இருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். "மார்மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்க" என்றார். நான் எடுத்த இ.சி.ஜி.யில் இதயம் நிமிடத்துக்கு இருநூறு முறை தறிகெட்டு ஓடியது. ரத்த அழுத்தம் எழுபதுக்குக் கீழே. இந்நிலையில் காத்திருக்காமல் மின் அதிர்ச்சி தர வேண்டும் என்ற விதி எங்கள் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது.

2. செவிலியர் மின் அதிர்ச்சி இயந்திரத்தை இழுத்துவந்து, மின்னேற்றி, "சார், ரெடி" என்றார். பணி மருத்துவர் அவர் கையைத் தட்டிவிட்டார். "நீ டாக்டரா, நான் டாக்டரா? பெரியவர்கிட்ட கேக்காம ஷாக் குடுக்க மாட்டேன்." பெரிய மருத்துவர் தொலைபேசியை எடுக்கவில்லை. ஊசி ஒன்று போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நோயாளி கட்டில் கம்பியைக் கடித்தார். பிறகு கண் செருகியது. 11.41-க்குக் கொடுத்த அதிர்ச்சி பிணத்தைத்தான் தூக்கிப் போட்டது.

3. தம்பிகள் மருத்துவரின் கழுத்தைப் பிடித்தார்கள். அவர் செவிலியரை நோக்கி விரலை நீட்டினார்: "மெஷினை லேட்டா கொண்டுவந்தது அவதான்." "இவளாடா?" என்றான் ஒருவன். குளுக்கோஸ் மாட்டும் இரும்புக் கம்பத்தால் முதல் அடி தாடையில். இரண்டாவது அடியில் பற்கள் தரையில் தெறித்தன. விழுந்தவரின் முடியைப் பிடித்து மருந்து அலமாரியில் மோதினார்கள். கண்ணாடி உடைந்து காது பாதியாகக் கிழிந்தது. மருத்துவர் கழிப்பறைக்குள் இருந்தார். நான் என் அறையைத் தாழிட்டுக்கொண்டு, சத்தம் ஓயும்வரை நின்றேன்.

4. தாடையில் கம்பி கட்டிய மூன்றாம் நாள் செவிலியரிடம் வாக்குமூலம் கேட்டார்கள். வாய் திறக்க முடியாத பெண் 'மறுப்புத் தெரிவிக்கவில்லை' என்கிறது அறிக்கை. வரும் வியாழக்கிழமை பணிநீக்க உத்தரவு.

5. இயந்திரம் தானே அச்சிட்ட தாளை இணைத்துள்ளேன். மின்னேற்றிய நேரம் 11.24. கூட்டம் கலைந்ததும் அதை இயந்திரத்திலிருந்து கிழித்தெடுத்து வைத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்காக அல்ல. ஒரே வரிக் குறிப்பெழுதி என் பதவி உயர்வைக் கெடுத்த அந்த மருத்துவரின் குடுமி என் கையில் இருக்கட்டும் என்றுதான். தினமும் எடுத்துப் பார்த்து மகிழ்ந்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

6. நேற்று செவிலியர் தன் பொருட்களை எடுத்துப்போக வந்தார். கோணிய வாயால், "நீங்களாவது அடிபடாம தப்பிச்சீங்களேண்ணே" என்றார். அதற்குப் பதில் என்னை அறைந்திருக்கலாம்.

ஆகவே, பணிநீக்கத்தைக் கைவிட்டு, அந்தப் பதினேழு நிமிடத்துக்கு மருத்துவரைப் பதில் சொல்ல வைக்குமாறு வேண்டுகிறேன்.

நாள்: 14, செவ்வாய்
இடம்: இ.சி.ஜி. அறை

கையொப்பம்: படித்ததும் நான் யாரென்று தெரிந்துவிடும். ஆனாலும் கையெழுத்திட்டால் விசாரணை என் பழைய பகையைப் பற்றியதாகிவிடும். மருத்துவர் அப்படித்தான் சொல்வார். பொய்யென்று என்னால் மறுக்க முடியாது. எனக்குத் துணிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை; வியாழக்கிழமைக்குள் தங்கள் கைக்கு வர வேண்டும் என்பதால், இந்த இடத்தை வெறுமையாக விட்டு இன்றே தபாலில் சேர்க்கிறேன்.