எருது ஓட்டத்துக்கு ஒரு கடிகாரம்

வினிதா அப்பாவுக்கு,

ஜெயப்ரியா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே குஜராத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். என் மேல் கோபமாக இருப்பதென்றால் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் கோபமாக இருங்கள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் கட் பண்ணிவிடுகிறீர்கள். காகிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது. உங்களோடு வேலை பார்க்கும் மோகன்குமார் லீவு முடிந்து நாளைக்கு ரயில் ஏறுகிறான். அவனிடம் வடுமாங்காயும் கேழ்வரகு மாவும் இந்தக் கடிதமும் கொடுத்து அனுப்புகிறேன். மாங்காயை எடுத்துக்கொண்டு கடிதத்தைக் கிழித்துப் போட்டால் அடுத்த தடவை மாங்காய் வராது.

வாய்ஸ் மெசேஜில் எனக்கு உத்தரவு போட்டிருந்தீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் பதவியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வினிதாவைச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பக் கூடாது. உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மூன்றும் நடக்காது. ஏன் நடக்காது என்பதற்குத்தான் இந்தக் கடிதம். உங்கள் அண்ணன் சொன்ன கதையைக் கேட்டுவிட்டீர்கள், என் கதையையும் கேளுங்கள்.

சனிக்கிழமை வகுப்பு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஓசூரில் ஒரு கம்பெனி பணம் கொடுத்தது. மூக்கண்டப்பள்ளியிலிருந்து தர்ஷினி டீச்சர் லேப்டாப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குருபரப்பள்ளியில் பஸ் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நம் ஊருக்கு வருவார். நம் பிள்ளைகள் பேட்டரி, ஒயர், பல்பு வைத்து என்னென்னவோ செய்தார்கள். லேப்டாப்பில் கட்டம் கட்டமாகக் கட்டளைகளை அடுக்கி, திரையில் ஒரு பூனைப் படத்தை நடக்க வைத்தார்கள். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசி, தமிழ் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட அந்த வகுப்பில் சண்டை போட்டுப் பேசின.

போன வருசத்தோடு கம்பெனி நிறுத்திவிட்டது. இந்த வருசப் பணத்தில் பள்ளிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து, அதில் அவர்கள் பெயரை எழுதப் போகிறார்களாம். நான் ஓசூருக்கே போய்க் கேட்டேன். சுவர் படிக்கப் போகிறதா, பிள்ளை படிக்கப் போகிறதா என்று கேட்டதற்கு, அங்கே இருந்த அதிகாரி, சுவர்தாம்மா ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும் என்றார். மறைக்காமல் சொன்னார், அதுவரைக்கும் அவரை மெச்ச வேண்டும். சம்பளமில்லாமல் தர்ஷினி டீச்சர் எத்தனை வாரம் வருவார்? அவரும் தகப்பன் வேலை போன வீட்டுப் பெண். ராமநாதபுரத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம்.

அதனால்தான் எருது விடும் விழாக் கூட்டத்துக்குப் போனேன். பொம்பளை அங்கே எதற்குப் போனாள் என்று கேட்டிருந்தீர்கள். விழாவுக்கு வரி கொடுக்கும்போது நான் பொம்பளை என்று யாரும் திருப்பிக் கொடுக்கவில்லையே. வசூலில் ஒரு பங்கு வகுப்புக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். விழாக் குழுத் தலைவர் உங்கள் அண்ணன் முனிசாமிதான். மாட்டுக்கு வசூல் பண்ண காசுல புள்ளைங்களுக்குப் பொம்ம வாங்கித் தரணுமா என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு கேட்டேன். வருசா வருசம் உங்கள் விழாவில் சண்டை எதனால் வருகிறது? எந்த மாடு எத்தனை வினாடியில் ஓடியது என்பதில்தானே. ஒருவர் போனில் ஒரு நேரம், இன்னொருவர் போனில் வேறு நேரம். போன வருசம் கருப்பசாமி மண்டை உடைந்தது அதனால்தானே. யார் பக்கமும் சாயாத ஒரு கடிகாரத்தை எங்கள் பிள்ளைகள் செய்து தருவார்கள், சரியாக வேலை செய்தால் வகுப்புக்கு இந்த வருசப் பணம் கொடுங்கள் என்றேன். உங்கள் அண்ணன் ஊர் முன்னால் ஒத்துக்கொண்டார். எப்படியும் நம் வீட்டுச் செவலை மாடுதான் ஜெயிக்கும், இதில் நமக்கென்ன நஷ்டம் என்று அவர் நினைத்திருப்பார்.

அது ஒன்றும் மந்திரம் இல்லை. மாட்டை விடும் இடத்தில் குறுக்கே ஒரு ஒளிக்கோடு, எல்லையில் ஒரு ஒளிக்கோடு. மாடு முதல் கோட்டை மறைத்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதை மறைத்தால் நிற்கும். கேட்க சுலபமாக இருக்கிறது, பிள்ளைகள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் வெங்கடம்மாள் வீட்டு ஆட்டை ஓட விட்டுப் பார்த்தார்கள். அது பாதி வழியில் புல் மேய நின்றுவிட்டது, கடிகாரம் அது பாட்டுக்கு ஓடியது. பிறகு மாட்டை விட்டால், கொம்பு ஒன்று, கால் ஒன்று, வால் ஒன்று என்று ஒரே மாட்டை மூன்று மாடாக எண்ணியது. முதலில் மறைப்பதை மட்டும் எண்ணு, மிச்சத்தை விட்டுவிடு என்று கட்டளையை மாற்றி அடுக்கியது உங்கள் மகள். அந்த ஒத்திகைக்குச் செவலையைப் பிடித்துக்கொண்டு வந்தது யார்? உங்கள் அண்ணன்தான். அன்றைக்குக் கடிகாரம் சரியாக இருந்ததாம். பொட்டப்புள்ள மாதிரி இல்ல, ஆம்பளப்புள்ள மாதிரி மூளைடா இதுக்கு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெண் பிள்ளைக்குப் பெண் பிள்ளை மூளையே போதும் என்று அப்போதே சொல்ல நினைத்தேன், வகுப்புப் பணத்துக்காக வாயை மூடிக்கொண்டேன்.

விழா அன்றைக்குப் பிள்ளைகளை மாட்டுப் பக்கம் விடவில்லை. மேடையில், தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் இருந்தார்கள். செவலை ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஊர் முழுக்க முதல் பரிசு நமக்குத்தான் என்று துண்டைச் சுழற்றினார்கள். கடைசியில் மத்தூர் வெங்கடசாமி மாடு வந்தது. ஒல்லி மாடு, யாரும் சட்டை பண்ணவில்லை. வினிதா திரையைப் பார்த்து மைக்கில் நேரத்தைப் படித்தாள். செவலையைவிட ஒரு நூலிழை குறைவு.

உங்கள் அண்ணன் மேடை ஏறினார். கெடிகாரம் கெட்டுப்போச்சின்னு சொல்லு பாப்பா என்றார். வினிதா என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக்கூட அசைக்கவில்லை. அவள் திரும்பத் திரையைப் பார்த்து அதே நேரத்தைப் படித்தாள். உங்கள் அண்ணன் ஒயரைப் பிடுங்கக் கையை நீட்டினார். அப்போதுதான் நான் மேடை ஏறி மைக்கை வாங்கினேன். செவலை எங்க வீட்டு மாடு, அதுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டி ஊத்துறவ நான், எங்க மாடு தோத்துடுச்சு, கெடிகாரம் சரியாத்தான் இருக்கு என்றேன். இதுதான் நான் செய்த குற்றம். வேறு ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை.

வெங்கடசாமி கீழே நின்று கும்பிட்டு, நிஜம் செப்பாவம்மா என்றார். உண்மையைச் சொன்னாய் என்று எதிராளி சொல்கிறார். நம் வீட்டு மனிதர் உங்கள் அண்ணனோ குடும்ப மானம் போச்சு என்கிறார். இந்த வருசம் ஒரு மண்டைகூட உடையவில்லை, அதையும் உங்கள் அண்ணன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

சொன்ன பணத்தை அவர் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். ஆனால் மறுநாள் பக்கத்து ஊர் விழாக் குழுக்காரர்கள் வீடு தேடி வந்தார்கள். சொந்த மாட்டையே தோற்க வைத்த கடிகாரம், இதை எவனும் சந்தேகப்பட முடியாது, எங்கள் ஊருக்கும் வேண்டும், வாடகை தருகிறோம் என்றார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சில ஊர்க்காரர்கள் வந்தார்கள். பந்தல்காரனுக்குக் கொடுப்பது மாதிரி கடிகாரத்துக்கும் கொடுக்கிறார்கள். அது பள்ளிக் குழுக் கணக்கில் சேருகிறது. தர்ஷினி டீச்சர் திரும்பவும் சனிக்கிழமை வருகிறார். கம்பெனிக்காரர்கள் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்ளட்டும். உள்ளே நடப்பது எங்கள் வகுப்பு. இதை விட்டுவிட்டு நான் பதவியை எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எவன் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன், நீங்களே வந்து கேட்டாலும் மாட்டேன்.

உங்கள் அம்மா என்னோடு பேசுவதில்லை. நான் கிண்டிய களியை மட்டும் மறுப்பதில்லை. நேற்று குழம்பில் உப்பு கம்மி என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். சீக்கிரம் சரியாகிவிடும்.

செவலை உங்கள் ஓவர்டைம் பணத்தில் வாங்கிய மாடு. அது ஜெயித்த செய்தியைக் கேட்க வெயிலில் நின்றுகொண்டு எத்தனை ஆசையாகக் காத்திருந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. ஆனால் பொய் சொல்லி வாங்கிய பரிசை எந்த முகத்தோடு உங்களுக்குப் போட்டோ எடுத்து அனுப்புவேன்? மாட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வழக்கம்போலக் குளிப்பாட்டித் தவிடு வைக்கிறேன். அடுத்த வருசம் ஓடட்டும், ஜெயிக்கட்டும், அன்றைக்கும் அதே கடிகாரம்தான்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கப் போகிறேன். எனக்காக இல்லை. நீங்கள் அனுப்பிய மெசேஜை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அந்தப் பொண்ண அங்க அனுப்பாத என்று நீங்கள் சொன்னதை வினிதா கேட்டுவிட்டாள். அழவில்லை. ஆனால் உங்கள் போன் வந்தால் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுகிறாள். முன்பெல்லாம் என் கையிலிருந்து பிடுங்குவாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இப்போது செவலையிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஊரே சேர்ந்து மிரட்டியபோது அசையாத பிள்ளை, அப்பா பேச்சில் அசைந்துவிட்டாள்.

இந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வகுப்பு முடியும் நேரத்துக்கு போன் பண்ணுங்கள். என்னோடு பேச வேண்டாம். அவளைக் கூப்பிடச் சொல்லுங்கள். செவலை எத்தனை வினாடி, வெங்கடசாமி மாடு எத்தனை வினாடி என்று அவளிடமே கேளுங்கள். சொல்வாள். எப்படி அளந்தாள் என்றும் சொல்வாள், கொஞ்சம் நீளமாகச் சொல்வாள். நடுவில் கட் பண்ணாமல் கேளுங்கள். கேட்டு முடித்ததும், சரியாத்தாம்மா படிச்சிருக்க என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிறகு என்னை எத்தனை நாளைக்கு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

மாரியம்மன் உங்களைக் கண் போலக் காக்கட்டும். உயரத்தில் ஏறி வேலை செய்யும்போது பெல்ட்டை மாட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தோற்ற மாட்டுக்குச் சொந்தக்காரி,
உங்கள் ஜெயப்ரியா.